வாசகர் கேள்வி: மகன் வகுப்பில் வாய் திறப்பதில்லை, மகளும் திக்கத் தொடங்கிவிட்டாள்

கேள்வி: நாங்கள் நோர்வேயில், ஒஸ்லோவுக்கு அருகே இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. நாலு வயதிலிருந்து கொன்னை (திக்குவாய்) இருக்கிறது. சின்ன வயதில் கொஞ்சக் காலம் லோகோபெட்டிடம் (பேச்சுப் பயிற்சியாளர்) போனான், பிறகு விட்டுவிட்டோம். கடந்த இரண்டு வருடத்தில் கொன்னை நன்றாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை, அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை, வாய்மொழிக்கு மதிப்பெண் போட வழியில்லை என்கிறார். வருட முடிவில் வாய்மொழிப் பரீட்சையும் வரும். தேவாரம் பாடும்போது ஒரு தடக்கமும் இல்லை, அப்படியென்றால் இது வெறும் கூச்சம்தானே என்று கணவர் கேட்கிறார். மூன்றரை வயது மகளும் நாலு மாதமாகத் திக்குகிறாள். வீட்டில் தமிழை விட்டுவிட்டு நோர்வேஜிய மொழியிலேயே கதையுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வசம்பு அனுப்பியிருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் இரண்டு வரியில் எழுதிய மகளின் விடயத்தை முதலில் எடுக்கிறேன். அங்கே காலம் முக்கியம்.

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் திக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது தானாகவே மறைந்துவிடும். பெண்பிள்ளைகளில் இன்னும் அதிகம் பேருக்கு மறையும். அதனால்தான் "பொறுத்துப் பாருங்கள், வளர வளரச் சரியாகும்" என்று பலர் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு அந்த வார்த்தை பொருந்தாது. குடும்பத்தில் ஒருவருக்குக் கொன்னை மறையாமல் நிலைத்துவிட்டது என்பது பெரிய எச்சரிக்கைக் குறி; அவளுக்கு அது சொந்த அண்ணன். கொன்னைக்கு மரபணுப் பங்கு உண்டு. நீங்கள் அதட்டியதாலோ, அண்ணனைப் பார்த்துப் பழகியதாலோ வந்தது அல்ல. அவனைக் குற்றம் சொல்வது போன்ற ஒரு சொல்கூட வீட்டில் வரவேண்டாம்.

இந்தக் கிழமையே கொம்யூனின் (உள்ளூராட்சி) பிபிடி என்ற கல்வி-உளவியல் சேவைக்கு விண்ணப்பியுங்கள். பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பாடசாலை வயதுக்கு முற்பட்ட பிள்ளைக்குத் தேவையான விசேட கல்வி உதவியை பார்னஹாகே (பாலர் பள்ளி) சட்டத்தின் 31ஆம் பிரிவு உரிமையாகவே தந்திருக்கிறது. பிள்ளை பார்னஹாகேக்குப் போனாலும் போகாவிட்டாலும் அது உண்டு, செலவும் இல்லை. பிபிடி நிபுணர் மதிப்பீடு எழுதும், அதை வைத்து கொம்யூன் எழுத்தில் தீர்மானம் தரும். தீர்மானம் பாதகமாக வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் மேன்முறையீடு செய்யலாம். கடிதத்தைக் கொம்யூனுக்கே அனுப்ப வேண்டும். கொம்யூன் மனம் மாறாவிட்டால் அதுவே ஸ்டாட்ஸ்ஃபொர்வால்தருக்கு (மாவட்டத்தில் அரசின் பிரதிநிதி அலுவலகம்) அனுப்பி வைக்கும். வாய்வார்த்தையாக "இப்போது இடமில்லை" என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத மறுப்புக்கு மேன்முறையீடு செய்வது கடினம்.

விண்ணப்பத்தோடு மூன்று விடயங்களைச் சேருங்கள். ஒன்று, மகள் விளையாடிக்கொண்டு கதைக்கும் பத்து நிமிடக் காணொளி, தமிழில் ஒன்றும் நோர்வேஜிய மொழியில் ஒன்றுமாக. இரண்டு, தினமும் இரவில் நாட்காட்டியில் ஓர் எண்: அன்று முழுக்க அவள் கதைத்ததை வைத்து, 0 என்றால் திக்கவே இல்லை, 9 என்றால் மிகக் கடுமை. சிறு பிள்ளைகளின் கொன்னை அலைபோல ஏறி இறங்கும். லோகோபெட்டைச் சந்திக்கும் நாளில் சரளமாகக் கதைத்து, "ஒன்றும் இல்லையே" என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள் நிறைய. விண்ணப்பித்த பிறகும் தொடர்ந்து எழுதி, சந்திக்கும் நாளில் மூன்று கிழமை எண்கள் கையில் இருந்தால் அந்தத் தவறு நடக்காது. மூன்றாவது, திக்கும்போது உடலில் என்ன நடக்கிறது என்ற குறிப்பு. "அ-அ-அம்மா" என்று இலகுவாகத் திரும்பச் சொல்வது ஒன்று. குரல் உயர்ந்து, கண் மூடி, சத்தமே வராமல் சொல் அடைபடுவது வேறொன்று. இரண்டாவது வகை இருந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

என்ன சிகிச்சை தருவார்கள்? இந்த வயதில் இரண்டு பாதைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கொம் முறையில், லோகோபெட்டின் வழிகாட்டலில் பெற்றோர் தினமும் 10 முதல் 15 நிமிடம் பிள்ளையோடு இருந்து, சரளமாக வந்த பேச்சைப் பாராட்டி, அரிதாக மட்டும் திக்கலைச் சுட்டுவார்கள். மற்றப் பாதை, வீட்டின் பேச்சுச் சூழலில் பிள்ளையின் மீதுள்ள அவசரத்தையும் அழுத்தத்தையும் குறைப்பது. நெதர்லாந்தில் 199 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. 18 மாதத்தில் லிட்கொம் குழுவில் 76.5 வீதமும் மற்றக் குழுவில் 71.4 வீதமும் திக்காமல் இருந்தார்கள். அந்த வித்தியாசம் முக்கியமானது அல்ல. ஆகவே உங்கள் கொம்யூனின் லோகோபெட் எந்த முறையில் பயிற்சி பெற்றவரோ அதையே ஒழுங்காகச் செய்யுங்கள், முறை தேடி அலையவேண்டாம். லிட்கொமை மட்டும் இணையத்தில் பார்த்து நீங்களாகச் செய்ய வேண்டாம். பாராட்டுக் குறைந்து திருத்தல் கூடிவிட்டால், பிள்ளை கதைக்கவே தயங்கும்.

காத்திருக்கும் காலத்தில் ஒன்று செய்யலாம். கிழமைக்கு மூன்று முதல் ஐந்து தரம், ஐந்து நிமிடம், மகளோடு மட்டும் இருங்கள். தொலைபேசி வேறு அறையில், தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும். விளையாட்டை அவள் தெரிவு செய்யட்டும். கேள்வி கேட்பதைக் குறைத்து, அவள் செய்வதைச் சொல்லுங்கள்: "ஓ, பொம்மை நித்திரை." அவள் சொல்லி முடித்தபின் ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லுங்கள். "மெதுவாகக் கதை" என்று அவளிடம் சொல்லவேண்டாம். உங்கள் பேச்சை நீங்கள் மெதுவாக்குங்கள்.

இனி மொழி. தமிழை விடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் கொன்னை வருவதில்லை, ஒரு மொழியை நிறுத்துவதால் போவதும் இல்லை. இரண்டு மொழி பேசும் பிள்ளைகள் சொல்லைத் தேடும்போது சொற்களைத் திரும்பச் சொல்வது கொஞ்சம் அதிகம். அதைக் கொன்னை என்று தவறாக எண்ணுவதும் நடக்கிறது. அதற்காகத்தான் இரண்டு மொழியிலும் காணொளி கேட்டேன். நீங்கள் தடுமாறும் ஒரு மொழியில் பிள்ளையோடு கதைக்கத் தொடங்கினால், அவளுக்குக் கதை சொல்லும் ஆளை அவள் இழக்கிறாள். சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி பொதுச் சேவைகள் தேவையான இடத்தில் தகுதி பெற்ற ஒருவரை அமர்த்த வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. தங்கையின் கொன்னை பற்றிய சந்திப்பில் மகனை மொழிபெயர்க்க உட்கார வைப்பது அவனுக்கு எவ்வளவு பாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

வசம்பை ஒதுக்கி வையுங்கள். நாக்கில் தேய்ப்பதால் கொன்னை போவதில்லை, ஏனென்றால் சிக்கல் நாக்கில் இல்லை. பேச்சசைவுகளை நேரத்துக்கு நேரம் கோக்கும் மூளை வேலையில் இருக்கிறது. வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் இருக்கிறது. விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை செய்திருக்கிறது. மாமியிடம் சண்டை வேண்டாம். அவருடைய அக்கறைக்கு வேறு வேலை கொடுங்கள்: தொலைபேசியில் பேத்திக்குக் கதை சொல்லட்டும், "ஒழுங்காகச் சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேட்காமல் இருக்கட்டும்.

இப்போது மகன்.

கொன்னை குறைந்துவிட்டது என்று நீங்கள் கண்டதும், வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று ஆசிரியை கண்டதும் ஒரே விடயம். அவன் திக்கும் சொற்களைச் சொல்லாமல் விடப் பழகிவிட்டான். ஒரு பதின்ம வயதுப் பிள்ளை ஒளிக்கும் விதங்களைக் கவனியுங்கள். "பேர்கன்" என்று சொல்ல வராது என்று தெரிந்ததும் "மேற்குக் கரையில் அந்த நகரம்" என்பான். விடை தெரிந்தாலும் "தெரியாது" என்பான். கடையில் விரும்பியதைக் கேட்காமல் சொல்ல இலகுவானதை வாங்குவான். தொலைபேசி அடித்தால் உங்களிடம் நீட்டுவான். தன் பெயரைச் சொல்லவேண்டிய இடத்துக்கு மட்டும் மாற்றுச்சொல் இல்லை, அதனால் புது ஆட்கள் இருக்கும் இடத்துக்கே போகமாட்டான். வெளியே கேட்கும் திக்கல் குறைகிறது. உள்ளே நாள் முழுக்கக் காவல் வேலை நடக்கிறது. வீட்டில் அவன் சரளமாகக் கதைத்தான் என்று பாராட்டும் ஒவ்வொரு தரமும், ஒளித்ததற்குப் பரிசு கிடைக்கிறது. இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் மகிழ்வார்கள். இனிமேல் பாராட்டை மாற்றுங்கள்: திக்கிக்கொண்டே சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தால், அவன் சொன்ன விடயத்துக்குப் பதில் சொல்லுங்கள், மகிழ்ச்சியைக் காட்டுங்கள்.

கணவருக்குச் சொல்லுங்கள், தேவாரத்தில் தடக்கம் வராதது கொன்னை உண்மை இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. பாடும்போதும், பலர் சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும் கொன்னை உள்ளவர்கள் அநேகமாக எல்லோருமே சரளமாக வருவார்கள். தாளமும் சொற்களும் அங்கே வெளியிலிருந்து கிடைக்கின்றன. தன் எண்ணத்தை, தன் சொல்லில், மற்றவர் காத்திருக்கும் கணத்தில் உருவாக்கும்போதுதான் அடைபடுகிறது. கூச்சமும் அவனுக்கு இருக்கலாம். அது கொன்னையால் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விடயம். அவனைக் கேட்காமல் விண்ணப்பம் போடவேண்டாம். 15 வயது நிறைந்தால் கல்வி தொடர்பான முடிவுகளில் அவனுக்கே உரிமை உண்டு. 16 ஆனதும் சுகாதார முடிவுகளும் பெரும்பாலும் அவனுடையவை. சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். நோர்வேயின் லோகோபெட் ஹில்டா ஸோன்ஸ்டெரூட் பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள், சிகிச்சையாளரும் வருபவரும் இலக்கிலும் பயிற்சியிலும் ஒத்துப்போவது பலனோடு தொடர்புடையது என்று காட்டின. அம்மாவின் இலக்கு "திக்காமல் கதைக்க வேண்டும்", மகனின் இலக்கு "மதிய இடைவேளையில் நண்பர்களோடு பகிடி சொல்ல வேண்டும்" என்றால், அவனுடையதோடு தொடங்குங்கள். காரில் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது நல்லது, முகம் பார்க்கவேண்டியதில்லை. "கொன்னை பற்றிக் கதைக்காமல் விட்டது எங்கள் பிழை. உனக்கு எது கஷ்டம்? எதில் உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். அவன் "ஒன்றும் இல்லை" என்றால் விட்டுவிடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

அவன் சம்மதித்தால், பதின்ம வயதுக்கு நான் நம்பும் வேலை இந்த ஒழுங்கில் நடக்கும். முதலில் தன் கொன்னையைப் பார்க்கப் பழகுவது: எந்த எழுத்தில், உடலில் எங்கே இறுக்கம், அடைபட்டதும் என்ன செய்கிறான். பிறகு ஒளிப்பதைக் குறைப்பது. மிக இலகுவான சூழ்நிலையிலிருந்து மிகக் கடினம் வரை ஒரு படிவரிசை எழுதி, கீழ்ப்படியிலிருந்து ஏறுவான்: அக்கறையான நண்பனிடம் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் திக்கிச் சொல்வது, கடையில் விரும்பியதையே கேட்பது, தொலைபேசியில் முடி வெட்ட நேரம் எடுப்பது. வேண்டுமென்றே திக்குவது பெற்றோருக்கு விசித்திரமாகத் தெரியும். பயத்தின் கயிறை அறுப்பது அதுதான். தானே செய்ததைக் கண்டு அவ்வளவு பதற முடியாது.

அதன் பின்னரே பேச்சு நுட்பம். அமெரிக்கரான சார்ல்ஸ் வான் ரைப்பர் வகுத்த மூன்று படிகள் இன்றும் பயன்படுகின்றன. "பேர்கன்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உதடு இரண்டும் ஒட்டி, பின்னால் காற்று முட்டி, சத்தம் வரவில்லை. முதற்படியில் எப்படியாவது சொல்லி முடித்துவிட்டு, சுமார் மூன்று விநாடி நின்று, இறுக்கம் எங்கே இருந்தது என்று உணர்ந்து, அதே சொல்லை உதடு தொட்டும் தொடாமலும் மறுபடி சொல்வான். அது கைவந்தபின் இரண்டாம் படி: அடைப்பின் நடுவிலேயே தள்ளுவதை நிறுத்தி, உதட்டைத் தளர்த்தி, காற்று கசிய விட்டு, அந்த "பே"யை நீட்டிக்கொண்டே வெளியே வருவான். மூன்றாவதில், சிக்கப்போகிறது என்று தெரியும்போதே உதட்டை மெதுவாக வைத்துத் தொடங்குவான். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, மூன்றாவதை முதலில் கற்பிப்பவர்கள் உண்டு. அது சிகிச்சை அறைக்குள் அழகாக வேலை செய்யும், வகுப்பில் முதல் அடைப்பிலேயே உடைந்துவிடும். அடைபட்ட பிறகு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாததால், மறுபடி ஒளிக்கத் தொடங்குவான்.

பாடசாலை வழியாகவும் பிபிடியை அணுகலாம். 2024 ஓகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள புதிய கல்விச் சட்டத்தில் அவனுக்குத் தனிப்பட முறையில் தகவமைத்த கற்பித்தல் கேட்க இடம் உண்டு. தேசிய விசேட கல்விச் சேவையான ஸ்டாட்பெட்டைத் தனிநபர் நேரடியாக அணுக முடியாது, கொம்யூனின் வழியாகத்தான். கொம்யூன் உதவி தர முடியாது என்று எழுத்தில் சொன்னால், குடும்ப வைத்தியரின் பரிந்துரையோடு, ஹெல்ஃபோ (மருத்துவச் செலவை ஏற்கும் அரச அலுவலகம்) செலவை ஏற்கும் தனியார் லோகோபெட்டைத் தேடலாம். அழைக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஹெல்ஃபோவுடன் நேரடிக் கணக்கு உண்டா? கொன்னையோடு வரும் பதின்ம வயதினருடன் தற்போது வேலை செய்கிறீர்களா? இரண்டாவது கேள்வி முக்கியம். நோர்வேயில் லோகோபெட் என்ற பட்டம் சட்டப் பாதுகாப்புள்ளது அல்ல, எல்லோரும் கொன்னையில் அனுபவம் உள்ளவர்களும் அல்ல. மாஸ்டர் பட்டமும் லோகோபெட் சங்க உறுப்புரிமையும் கேட்கத் தகுந்தவை. சில நாள் தீவிர வகுப்பில் "முற்றாகக் குணமாக்குவோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். முதல் கிழமை வரும் சரளம் அநேகமாக நிலைப்பதில்லை, சரிந்ததும் பிள்ளை தன்னையே குற்றம் சொல்லும். கொன்னைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் இல்லை.

வாய்மொழிப் பரீட்சை. பத்தாம் வகுப்பில் எந்தப் பாடம் என்பது 48 மணி நேரத்துக்கு முன்பே தெரியவரும். பரீட்சை அரை மணி நேரம் வரை. அந்த 48 மணிக்குள் எதையும் ஒழுங்கு செய்ய முடியாது. குளிர்கால விடுமுறைக்கு முன்பே ரெக்டருக்கு (பாடசாலை அதிபர்) எழுத்தில் விண்ணப்பித்து, லோகோபெட் அல்லது பிபிடியின் ஒரு குறிப்பை இணையுங்கள். கேட்கத் தகுந்தவை: கூடுதல் நேரம், முன்வைப்பைக் குறைத்து உரையாடலை நீட்டுதல், வெளிப் பரீட்சகருக்கு முன்கூட்டியே "இந்த மாணவன் திக்குவான், சொல்லை முடித்துக் கொடுக்க வேண்டாம், கண்ணைத் திருப்ப வேண்டாம், உள்ளடக்கத்தை மட்டும் மதிப்பிடவும்" என்ற குறிப்பு. இதை அவனே எழுதினால் இன்னும் நல்லது. வருட மதிப்பெண்ணுக்காக வகுப்பில் ஆசிரியையோடு ஒரு ஒப்பந்தம் செய்யலாம்: முதலில் இரண்டு நண்பர்களோடு சிறு அறையில், பிறகு ஐந்து பேர், பிறகு வகுப்பு. வரிசையாக ஒவ்வொருவரும் படிக்கும்போது தன் முறைக்காகக் காத்திருப்பதுதான் பலருக்கு மிகக் கொடுமை. முறை தெரியாமல் கேட்பதா, முதலில் கேட்பதா என்று அவனே தெரிவு செய்யட்டும். முழுவதுமாக விலக்குக் கேட்க வேண்டாம். வாய்மொழியிலிருந்து விலக்கு கிடைத்த பிள்ளைக்கு அந்தக் கதவு பிறகு திறப்பது கடினம்.

சிகிச்சை அறையில் கிடைக்காத ஒன்று, தன்னைப் போல் திக்கும் வேறொரு பதினைந்து வயதுக்காரன். அதற்குத்தான் சுயஉதவிச் சங்கங்கள். நோர்வேயின் கொன்னைச் சங்கம் சுருக்கமாக என்ஐஎஃப்எஸ். 1977இல் தொடங்கியது, கொன்னையோடு, வேகத்தில் சொற்கள் ஒன்றோடொன்று இடிபடும் பேச்சையும் கவனிக்கிறது. இளையோர், குடும்பங்களுக்கான கூடல்களும் உள்ளூர்க் குழுக்களும் இருக்கின்றன. சுவீடனிலும் டென்மார்க்கிலும் பின்லாந்திலும் இப்படியான சங்கங்கள் உண்டு. உலகச் சங்கமே 1995இல் சுவீடனின் லின்ஷோப்பிங் நகரில் நடந்த மாநாட்டில் உருவானதுதான். இந்த நாடுகளில் வேலையை ஆரம்பித்தவர்களில் பலர் திக்குபவர்களே, அதை நான் மதிக்கிறேன்.

சங்கத்தில் சேர்வதற்கு உங்கள் வாயிலாகத் தகவல் போகட்டும், முடிவு அவனுடையதாக இருக்கட்டும். முதல் தரம் குடும்ப வாரஇறுதிக்குப் போங்கள்: அவன் உங்களோடு வருவான், அங்கே தன் வயதினரோடு போய்விடுவான். நீங்களும் மற்றப் பெற்றோரோடு கதையுங்கள். "அங்கே தமிழர் நாங்கள் மட்டும்தானோ" என்று தயங்காதீர்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அது தடையாக வராது. கூடலில் எல்லோரும் திக்குவார்கள், பெயர் சொல்ல அரை நிமிடம் எடுப்பவரும் இருப்பார். யாரும் குறுக்கே முடித்துக் கொடுக்கமாட்டார்கள். பல இளையோருக்கு ஒளிக்காமல் கதைப்பது எப்படியிருக்கும் என்று முதன்முறை தெரிவது அங்கேதான். சங்கம் சிகிச்சைக்குப் பதில் அல்ல. சிகிச்சையாளர் இல்லாத கொம்யூனில் அது தனியாகவே மிகப் பெரிய உதவி. அக்டோபர் 22 கொன்னை விழிப்புணர்வு நாள், பாடசாலையில் ஆசிரியையோடு ஏதாவது செய்ய ஒரு நல்ல சாக்கு. அவன் விரும்பினால் மட்டும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். குறள் மனனப் போட்டியில் மேடையில் நின்று அடைபட்டால், பின்னாலிருந்து சொல்லைக் கொடுப்பது நமது பழக்கம். அவனுக்கு அது உதவி அல்ல. கையைத் தட்டி உற்சாகப்படுத்துவதும் வேண்டாம். காத்திருக்கச் சொல்லுங்கள், குறள் முடியும் வரைக்கும். மேடையேற விரும்பாவிட்டால் இந்த வருடம் மேடை வேண்டாம், அவன் படிவரிசையில் அது எத்தனையாவது படி என்று அவனிடம் கேளுங்கள்.

மகளுக்கான படிவத்தில் குடும்பத்தில் பேச்சுச் சிக்கல் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். அதில் அண்ணனின் விவரத்தை முழுவதாக எழுதுங்கள்: எந்த வயதில் தொடங்கியது, எவ்வளவு காலம் சிகிச்சை, இப்போது என்ன நிலை. எழுதும் முன் அவனிடம் அனுமதி கேளுங்கள்.